வீட்டு மாவு இயந்திரத்தில் சிறுதானியம்: குறை இயந்திரத்திலா, தானியத்திலா?

நுண்சல்லடை போட்டால் கம்பு அடைத்துக்கொள்கிறது. அடுத்த சல்லடைக்கு மாறினால் கேழ்வரகு உடையாமல் முழுசாக விழுகிறது. 1 குதிரைத்திறன் மோட்டார், சுழலும் அடிகத்தி, அதைச் சுற்றி வளையச் சல்லடை என்ற அமைப்பில் வரும் வீட்டு மாவு இயந்திரங்களைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படும் புகார்கள் இவை இரண்டும்தான். சிறுதானியத்துக்காக இந்த வகை இயந்திரத்தை வாங்கலாமா என்று பார்ப்போம். எந்தத் தயாரிப்பையும் பெயர் சொல்லி இங்கே எடைபோடவில்லை. உள்ளமைப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பலமும் பலவீனமும் பொதுவானவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் கொட்டுவாயில் விழும் தானியம் எந்த ஈரப்பதத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்க்காமல் கொட்டுகிறவருக்கு இது தலைவலி பிடித்த இயந்திரம். பார்த்துக் கொட்டுகிறவருக்கு இதே இயந்திரம் பல வருடம் உழைக்கும்.

காரணம் அது அரைக்கும் விதத்தில் இருக்கிறது. அடிகத்தி என்று பெயர் இருந்தாலும் அது தானியத்தை நறுக்குவதில்லை. நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்றில் சுழன்று, அடித்து உடைக்கிறது. தெறிக்கும் துண்டு சல்லடைச் சுவரில் மோதி, திரும்பி வந்து, மறுபடி அடி வாங்கும். துளைக்குள் நுழையும் அளவுக்குச் சிறுத்த பிறகுதான் வெளியே போகும். அப்படி வெளியே கொண்டுபோவது பெருமளவு காற்றுதான். கத்தி சுழலும்போது எழும் காற்று மாவைச் சல்லடை வழியே தள்ளி, கீழே பாத்திரத்தில் இறக்கிவிட்டு, துணிப்பை வழியாக வெளியேறுகிறது. ஆகவே தானியம் அடித்தால் நொறுங்க வேண்டும், மாவு ஒட்டாமல் ஓட வேண்டும், துணி மூச்சுவிட வேண்டும். இந்த மூன்றில் எது கெட்டாலும் அரைவு நின்றுபோகும். மூன்றையும் ஒரே அடியில் கெடுப்பது ஈரம்.

ஈரம்

சிறுதானியம் எதுவானாலும் 10 முதல் 12 சதவீத ஈரப்பதத்தில் இந்த இயந்திரம் நன்றாக அரைக்கிறது. அந்த நிலையில் உள்ளிருக்கும் மாவுப்பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும். 14 சதவீதத்தைத் தாண்டினால் தானியம் அடி வாங்கும்போது நொறுங்குவதற்குப் பதில் நசுங்குகிறது. மோட்டார் செலவழிக்கும் ஆற்றல் உடைப்பதற்குப் போகாமல் சூடாக மாறுகிறது. சூட்டில் ஈரம் ஆவியாகி, மூடியின் குளிர்ந்த உட்புறத்தில் வியர்த்து, பறக்கும் மாவோடு சேர்ந்து பசையாகிறது. அந்தப் பசை சல்லடைத் துளையை உள்ளிருந்து பூசும், துணிப்பையின் இழைகளிலும் படியும். காற்றுக்கு வழியில்லாமல் போக, கதவின் ரப்பர் ஓரத்தில் மாவு கசிந்து புகையாக வரும். ரப்பர் சரியில்லை என்று பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுவதற்கு முன் தானியத்தின் ஈரத்தைச் சோதித்துவிடுங்கள்.

வெளியே தெரியும் முதல் அறிகுறி ஒலி. நன்றாக அரைபடும்போது ஒலி ஒரே சுருதியில் இருக்கும். அடைப்பு தொடங்கினால் சுருதி இறங்கும். அப்போதே கொட்டுவாயை மூடி, உள்ளிருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சுருதி இறங்கிய பிறகும் தானியத்தை விட்டுக்கொண்டே இருந்தால், சுமைக்காப்பு பொத்தான் உள்ள இயந்திரம் தானே நிற்கும். இல்லாததில் மோட்டார் கம்பிச்சுற்று கருகும்.

மறுபுறம், 8 சதவீதத்துக்கும் கீழே காய்ந்த தானியம் வேகமாக அரைபடும், மோட்டாருக்கும் சுகம். ஆனால் தவிடும் காய்ந்து நொறுங்கி, மாவோடு மாவாகத் துளை வழியே இறங்கிவிடும். மாவில் கரும்புள்ளி கூடும், தூசி பறக்கும், பிறகு சலித்தும் தவிட்டைப் பிரிக்க முடியாது. முழுத்தானிய மாவு வேண்டுபவருக்கு இது குறையே இல்லை. வெள்ளை மாவு எதிர்பார்ப்பவருக்குத்தான் ஏமாற்றம்.

ஈரப்பதத்தை எப்படி அறிவது? கடிப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட. காய்ந்த தானியம் பல்லில் 'டக்'கென்று தெறிக்கும், ஈரமானது அவல்போல் நசுங்கும். ஆனால் கேழ்வரகு, சாமை அளவுக்குச் சின்ன தானியத்தில் பல் அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. உப்புச் சோதனை மேல். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தானியமும் அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி நன்றாக உலர்ந்த தூள் உப்பும் போட்டு, மூடி, சில நிமிடம் குலுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே என்று மட்டுமே பொருள். 11 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரியான எண் வேண்டுமானால் அடுப்புப்பெட்டி முறைதான். தானியத்தில் ஒரு பிடியை அரைத்து, 10 கிராம் மாவை அகலத் தட்டில் பரப்பி, 130 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைத்து, ஈரம் ஏறாதபடி மூடி ஆறவைத்து எடை போடுங்கள். 1.2 கிராம் குறைந்திருந்தால் ஈரம் 12 சதவீதம். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்குவது வீண். கையடக்க ஈரமானிகள் வசதியானவை. ஆனால் கோதுமைக்கும் நெல்லுக்கும் அளவுதிருத்தம் செய்த கருவி, சின்ன மணிகள் நெருக்கமாக அடையும் சிறுதானியத்தில் தவறாகக் காட்டும். கருவியின் பட்டியலில் அந்தத் தானியத்தின் பெயர் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

காயவைக்கும்போது எடையே நல்ல வழிகாட்டி. 10 கிலோ தானியத்தில் 15 சதவீதம் ஈரம் என்றால் உலர்பொருள் 8.5 கிலோ. அது 11 சதவீதத்துக்கு வரும்போது மொத்த எடை 8.5 ஐ 0.89 ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 9.55 கிலோ. 450 கிராம் குறைந்ததும் எடுத்துவிடலாம். கழுவிய தானியத்துக்கு இதைவிட எளிய வழி உண்டு. கழுவும் முன் எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்து அந்த எடைக்குத் திரும்பும்வரை இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கழுவிய தானியம் மேலே கலகலவென்றும் உள்ளே பதமாகவும் இருந்து ஏமாற்றும். இந்த ஏமாற்றுதான் சல்லடை அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம். மணி சிறிதாக இருப்பதால் எடைக்கு மேற்பரப்பு அதிகம். நீரை வேகமாகக் குடிக்கும். எனவே ஊறவிடாமல் சட்டென்று கழுவி, வடித்து, 1 முதல் 2 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் கிளறிக் கிளறிக் காயவையுங்கள்.

காற்றின் ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றில் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் திறந்து வைத்த தானியம் 13, 14 சதவீதத்தில் போய் நின்றுகொள்ளும். எத்தனை நாள் பரப்பி வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. அப்படிப்பட்ட நாட்களில் மிதமான சூட்டில் காயவைப்பதுதான் வழி. வெயிலிலோ சூட்டிலோ காய்ந்த கையோடு அரைக்கவும் கூடாது. கையில் எடுத்தால் சூடு தெரியாத அளவுக்கு நிழலில் ஆற வேண்டும். சில மணி நேரம் ஆகும். அதற்குள் மணியின் உட்புற ஈரமும் மேற்புற ஈரமும் சமமாகிவிடும்.

கம்புதான் உண்மையான சோதனை

எந்த மாவு இயந்திரத்தையும் மதிப்பிட வேண்டுமானால் கம்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். கோதுமையை எல்லா இயந்திரமும் அரைக்கும். கம்பில் கொழுப்பு ஏறக்குறைய 5 சதவீதம். அதன் முளைக்கரு மணியின் அளவுக்கு மிகப் பெரியது. கொழுப்பின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. நுண்சல்லடையில் ஒரே ஓட்டத்தில் அரைத்தால் துண்டுகள் அறைக்குள் நெடுநேரம் சுற்றிச் சூடேறும், எண்ணெய் வெளிப்படும், துளைகளில் மெழுகுபோல் ஒரு படலம் படியும். ஈரம் சரியாக இருந்தும் கம்பு அடைப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு ஓட்டமாக அரைப்பது தீர்வு. முதலில் பெரிய துளைச் சல்லடையில் குருணையாக உடைத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, பிறகு நுண்சல்லடையில் அரையுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் கொட்டுவாயை இன்னும் குறைவாகத் திறக்க வேண்டும். ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நிறுத்தி, அறையைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்காத சூடு இருந்தால் ஆறவிடுங்கள்.

கம்பு மாவு சீக்கிரம் கசப்பதற்கு இயந்திரத்தைக் குறை சொல்வது பாதிதான் சரி. முழுமணியில் கொழுப்பும் அதைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. அரைத்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன. அதன்பின் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து கசப்பும் சிக்குவாடையும் வருவது நாட்கணக்கில்தான். சூடாக அரைத்தால் இன்னும் சீக்கிரம். அடிபட்ட மணி, உடைந்த மணி, பூச்சி துளைத்த மணி அதிகமாக இருந்தால் அந்தக் கலப்பு அரைக்கும் முன்பே தொடங்கியிருக்கும். ஒரு பிடி கம்பை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் எந்த இயந்திரமும் அதை நல்ல மாவாக்காது. கொதிநீரில் சில விநாடிகள் மட்டும் முக்கியெடுத்து, உடனே வடித்து நன்றாகக் காயவைத்த கம்பில் நொதி பெரிதும் செயலிழந்துவிடும்; மாவு கூடுதல் நாள் தாங்கும். ஆனால் காய்ச்சலில் தவறினால் மறுபடி ஈரத் தொல்லைதான்.

கம்பில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேன் ஒழுகல் நோய் தாக்கிய கதிரிலிருந்து வரும் கருத்த, மெலிந்த, நீண்ட பூசணக் கட்டிகள் நச்சுத்தன்மை உள்ளவை. 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து அதில் கம்பைக் கொட்டினால் அவை மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவைக்க வேண்டும். அரைத்துவிட்டால் பிரித்தெடுக்க வழியே கிடையாது.

மற்ற தானியங்கள்

கேழ்வரகில் சிக்கல் வேறு. மணியின் விட்டம் 1 முதல் 1.5 மி.மீ. வரைதான். சல்லடைத் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் உடையாமலே வெளியேறும். இங்கே இந்த வகை இயந்திரங்கள்மேல் நேரடியான குறை ஒன்று உண்டு: சல்லடைக்கு 0, 1, 2 என்று எண் மட்டும் கொடுக்கிறார்கள், துளை அளவைச் சொல்வதில்லை. எண் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு துளை மாறும். வாங்கும்போது மி.மீ. கணக்கில் கேளுங்கள். கேழ்வரகு மணலைப் போல வழுக்கி ஓடுவதால், கோதுமைக்குத் திறக்கும் அளவு கொட்டுவாயைத் திறந்தால் அறை ஒரே நொடியில் நிரம்பும். கால்வாசித் திறப்பிலிருந்து தொடங்குங்கள்.

கேழ்வரகின் விதைத்தோல் மென்மையான மாவுப்பகுதியோடு இறுக ஒட்டியிருக்கிறது. தோலைச் சீவ முயன்றால் உள்ளிருப்பதும் பொடியாகும். அதனால் தோலோடுதான் அரைக்கிறோம், மாவின் நிறமும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் மணியின் மேல் தளர்வாக இருக்கும் காகிதம் போன்ற மெல்லிய செதிலைத் தேய்த்துப் புடைத்து நீக்க வேண்டும். விட்டுவிட்டால் அது அரைபடாமல் காற்றில் மிதந்து துணிப்பையில் போய் அப்பிக்கொள்ளும். செதில் போன, நன்றாகக் காய்ந்த கேழ்வரகை இந்த இயந்திரம் மிக அழகாக அரைக்கிறது. கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் மெழுகுப் படலத் தொல்லையும் இல்லை.

சோளத்தில் மணியின் உட்கட்டு முக்கியம். ஒரு மணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கண்ணாடிபோல் மினுமினுக்கும் பகுதி அதிகமென்றால் கடின ரகம். மாவு நறநறவென்று வரும், இரண்டாம் ஓட்டம் தேவைப்படும். சுண்ணாம்புபோல் வெளுத்த பகுதி அதிகமென்றால் ஒரே ஓட்டத்தில் மென்மையாகும். கதிரிலேயே நனைந்து கருத்துப்போன மணிகளைப் பொறுக்கிவிடுங்கள். பூசணம் பிடித்த அவற்றால் நிறத்தோடு வாடையும் கெடும்.

தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்தையும் உமியோடு இந்த இயந்திரத்தில் போடவே கூடாது. இது உமி நீக்கும் இயந்திரம் அல்ல. உமி முள்முள்ளாக உடைந்து மாவில் கலந்துவிடும். உமியில் உள்ள சிலிக்கா கத்தி முனையையும் சல்லடையையும் தேய்க்கும். உமி நீக்கிய அரிசியைத்தான் அரைக்க வேண்டும், அதிலும் உமி நீங்காத மணிகள் தங்கியிருக்கும். 100 மணிகளை எண்ணி வெள்ளைத் தட்டில் பரப்பினால் எத்தனை தங்கியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். அடுக்கடுக்கான உமி கொண்ட வரகில்தான் இது அதிகம். மெருகேற்றாத அரிசியில் தவிடு வெளிப்பட்டுக் கிடப்பதால் உமியுள்ள தானியத்தைவிடச் சீக்கிரம் சிக்குப்பிடிக்கும். வாங்கி நெடுநாள் வைத்து அரைக்காதீர்கள்.

புழுக்கிக் காயவைத்தது இறுகிய மணி. மாவுச்சத்து வெந்து இறுகியிருப்பதால் அரைக்க நேரமும் ஆற்றலும் கூடுதல். மாவு குருணைத்தன்மையாக வரும். ஒரே ஓட்டத்தில் நைசாக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் சூடுதான் மிஞ்சும். வறுத்ததில் ஈரம் வெகுவாக இறங்கி மணி நொறுங்கத் தயாராக இருக்கும், ஆனால் முழுக்க ஆறிய பிறகே போட வேண்டும். முளைகட்டிய தானியத்தில் மாவுப்பகுதி நொதிகளால் இளகியிருப்பதால், காய்ந்த பின் எல்லாவற்றையும்விட எளிதாக அரைபடும். கசப்பூட்டும் முளைவேரைத் தேய்த்து நீக்கி, 10 சதவீதத்துக்குக் கீழே காயவைத்து, அரைத்த உடனே காற்றுப்புகாமல் மூடிவிடுங்கள். அந்த மாவு ஈரத்தை இழுக்கும் வேகம் அதிகம்.

கல்லும் குப்பையும்

சிறுதானியத்தில் கல் பெரிய தொல்லை, ஏனென்றால் மணியும் மணலும் ஒரே அளவு. சலித்தால் பெரிய கல் மேலே நிற்கும், நுண்மணல் கீழே போகும், அதே அளவுக் கல் தானியத்தோடே இருக்கும். அதை எடையால் மட்டுமே பிரிக்க முடியும்: முறத்தில் நாவுவது, நீரில் அரிப்பது, அல்லது கல் நீக்கும் இயந்திரம். அரித்தால் மேலே சொன்ன எடைக் கணக்கை மறக்க வேண்டாம். தப்பிய ஒரு கல் சல்லடையில் பள்ளமிடும் அல்லது துளையைக் கிழிக்கும். கிழிந்த சல்லடையைக் காட்டிக்கொடுப்பது மாவில் திடீரென்று தலைகாட்டும் முழுமணிகள். இரும்புத்துகளுக்குக் கொட்டுவாயில் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு காந்தத்தால் தானியத்தைத் துழாவிவிடுங்கள். அந்துப்பூச்சி நூலாம்படை கட்டிய தானியம் கொட்டுவாயிலேயே கொத்தாகத் தொங்கும். சூம்பிய மணிகளில் தோல் அதிகம், மாவு குறைவு, புடைத்தால் பறந்துவிடும்.

கல் இயந்திரத்தோடு ஒப்பிட்டால்

இரண்டு எமரி கற்களுக்கிடையே அரைக்கும் சிறு இயந்திரத்தில் சல்லடை இல்லை. துளை அடைப்பும் இல்லை. கல் இடைவெளியைத் திருகி நைசைக் கூட்டலாம், குறைக்கலாம். கேழ்வரகு முழுசாகத் தப்பும் சிக்கலும் குறைவு. ஆனால் ஈரமான தானியமும் கம்பின் எண்ணெயும் கல்லின் முகத்தைப் பூசி வழவழப்பாக்கும். காய்ந்த கடினத் தானியம் ஒன்றிரண்டு பிடி போட்டு ஓட்டினால் ஓரளவு தெளியும், அதற்கும் மசியாவிட்டால் கல்லைக் கொத்த வேண்டும். இடைவெளியை அளவுக்கு மீறி நெருக்கினால் கல்லோடு கல் உரசி, மாவில் கல்தூள் விழும். கம்பை மட்டும் அதிகம் அரைப்பவருக்கும், எப்போதும் ஈரம் மிகுந்த காற்றில் இருப்பவருக்கும் கல் இயந்திரமே ஏற்றது. பலவகைத் தானியத்தை மாற்றி மாற்றிச் சிறு அளவில் அரைப்பவருக்கு, திறந்து சுத்தம் செய்ய எளிதான அடிகத்தி வகை வசதி.

அடிகத்தி வகையில் வாங்கும்போது நாங்கள் பார்ப்பவை: கொட்டுவாய்த் திருகு முழுக்க மூடுகிறதா, கால்வாசித் திறப்பில் அசையாமல் நிற்கிறதா, துளை 1 மி.மீ.க்குக் குறைந்த சல்லடை ஒன்றும் குருணைக்கான பெரிய சல்லடை ஒன்றும் சேர்ந்து வருகிறதா. சுமைக்காப்பு பொத்தான் உண்டா. துணிப்பை உதிரியாகக் கிடைக்குமா. மோட்டார் 1 குதிரைத்திறனா 1.5 ஆ என்பதைவிட இந்த நான்கும் சிறுதானியத்துக்கு முக்கியம். கையேடுகளில் 'உலர்ந்த தானியம் போடவும்' என்ற ஒற்றை வரி மட்டுமே இருப்பது பெரிய குறை. எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் பாதி அடைப்பு வராது.

சல்லடையை நீரில் கழுவ வேண்டாம். உலர்ந்த தூரிகையால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தட்டுங்கள், கம்பின் படலத்தை மட்டும் கொஞ்சம் தவிடு போட்டுத் தேய்த்தெடுக்கலாம். துணிப்பையைத் துவைத்தால் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கத்திக்கு அடியிலும் அறையின் மூலையிலும் தங்கும் பழைய மாவைத் துடைத்தெடுக்காவிட்டால் அங்கே சிக்குப்பிடித்தது அடுத்த மாவிலும் மணக்கும். அரைத்து வந்த மாவைச் சூட்டோடு டப்பாவில் மூடாமல் அகலமாகப் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் திரும்ப மாவிலேயே சொட்டி, கட்டி விழும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.